பெட்டியில் உறங்கும் சேலைகள்: பழைய துணிக்கு வீட்டிலேயே மறுவாழ்வு

மேற்குச் சிட்னியின் தமிழ் வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேல் தட்டிலோ கட்டிலின் கீழோ ஒரு பெட்டி இருப்பது வழக்கம். அதனுள் அம்மாவின் நூற்சேலைகள், அப்பாவின் வேட்டிகளும் சாறங்களும், பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சீருடைகள், ஒருமுறை மட்டும் உடுத்த விழா ஆடைகள் ஆகியன அடுக்கப்பட்டிருக்கும். எறிய மனம் வருவதில்லை. பயன்படுத்த வழியும் தெரிவதில்லை. வீடு மாறும் நாளில் அவசரத்தில் அவை குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேருகின்றன.

அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் 2,00,000 தொன்னுக்கும் அதிகமான ஆடைகள் நிலத்தில் புதைக்கப்படுகின்றன. ஒரு பருத்திச் சட்டைக்குத் தேவையான பருத்தியை விளைவித்துத் துணியாக்க ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. ஆகவே ஏற்கெனவே நெய்யப்பட்ட துணியின் ஆயுளை நீட்டிப்பதே ஒரு வீடு செய்யக்கூடிய எளிய சுற்றுச்சூழல் பணி. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், ஓர் அளவுநாடா ஆகியன போதும். எந்தத் துணி எதற்கு உகந்தது என்ற அறிவுதான் முதன்மையானது. இக்கட்டுரை அந்த அறிவிலிருந்து தொடங்குகிறது.

வெட்டுவதற்கு முன்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இத்துணி யாருடையது என்பதாகும். காலமான தாயின் சேலைகள் மூத்த மகளின் வீட்டில் இருப்பதால் அவை அவருக்கு மட்டுமே உரியவை ஆகிவிடுவதில்லை. கனடாவில் உள்ள தம்பிக்கும் கொழும்பில் உள்ள தங்கைக்கும் அவற்றில் ஒன்றின் மீது தனி நினைவு இருக்கலாம். வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட இயலாது. அதனால் எழும் மனக்கசப்பும் எளிதில் தீராது. எல்லாச் சேலைகளையும் விரித்து ஒளிப்படம் எடுத்து உடன்பிறந்தோருக்கு அனுப்பி, எவற்றை முழுமையாகப் பாதுகாப்பது, எவற்றை யாருக்குக் கொடுப்பது, எவற்றை வெட்டுவது என்று முதலிலேயே உடன்பட்டுக்கொள்வது நல்லது. ஒரே சேலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பை தைத்து அனுப்பிய குடும்பங்களில், பங்கிடுவதே ஓர் ஆறுதலாக அமைந்ததுண்டு.

இரண்டாவது கேள்வி சரிகையைப் பற்றியது. பழைய பட்டுச் சேலைகளில் உள்ள அசல் சரிகை, பட்டு இழையின் மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதற்கு உலோக மதிப்பு உண்டு. பிற்காலச் சேலைகள் பலவற்றில் இருப்பது செப்பு அல்லது பிளாஸ்டிக் கலந்த போலிச் சரிகை. எது என்று உறுதியாகத் தெரியும் வரை பட்டுச் சேலையை வெட்டாதிருப்பதே முறை.

துணியை இனங்காணுதல்

கடையில் பட்டு என்று சொல்லி விற்கப்பட்டதெல்லாம் பட்டன்று. பருத்தி போலத் தோன்றுவதெல்லாம் பருத்தியுமன்று. துணியில் அடையாளச் சீட்டு இல்லாதபோது, ஒரு சில இழைகளை மட்டும் எரித்துப் பார்க்கும் பழைய முறை உதவும். இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். சமையலறைத் தொட்டியின் மேல், அருகில் ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து, இழைகளை உலோகச் சாமணத்தால் பிடித்துக்கொள்ளவும். தளர்ந்த கையுள்ள மேலாடையும், முந்தானையும், அருகில் தொங்கும் திரைச்சீலையும் இருக்கக்கூடாது.

பருத்தி விரைவாக எரியும். கடதாசி எரியும் மணம் வரும். மென்மையான சாம்பல் எஞ்சும். பட்டு மெல்லக் கருகும். தலைமயிர் பொசுங்கும் மணம் வரும். எஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டர், நைலோன் ஆகியன சுருங்கி உருகும். ஆறியபின் கெட்டியான மணி போல் உறையும். கலப்பு நூலாயின் இரண்டின் குணங்களும் தோன்றும். விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரியும் என்பதை நினைவிற் கொள்ளவும். ஆனால் நனைந்தால் அதன் வலிமை குறையும். ஆகையால் அது பாரம் சுமக்கும் பைக்கு ஏற்றதன்று.

இச்சோதனை வெறும் ஆர்வத்துக்கானதன்று. சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணியைப் பொலியெஸ்டரில் தைத்தால், அது உருகிக் கைத்தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படித் துணிகள் அனைத்தும் முழுப் பருத்தியாகவே இருக்க வேண்டும். அத்துடன், பருத்தித் துணி பல அடுக்காக இருந்தாலும் ஈரமாக இருந்தால் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும். எனவே பாத்திரம் பிடிக்கும் துணியையும் பாத்திரம் துடைக்கும் துணியையும் வேறுவேறாக வைத்துக்கொள்வது நல்லது.

பாடம்: ஒரு நூற்சேலை, ஆறு பைகள்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 35 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் 2022 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. அதன்பின் பல வீடுகளில் கடையில் விலைக்கு வாங்கிய தடித்த பைகள் குவிந்துவிட்டன. பையை மறந்து கடைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இன்னொன்று சேர்கிறது. மடித்தால் கைப்பையில் அடங்கும் துணிப்பை இதற்கு நல்ல மாற்று.

நூற்சேலை மெல்லியது. ஆகையால் பையின் உடலை இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும். சேலை ஏறத்தாழ 5.5 மீற்றர் நீளமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் உடையது என்ற கணக்கில் கீழ்க்காணும் அளவுகள் தரப்பட்டுள்ளன. தையல் இயந்திரம் இருந்தால் ஒரு பையை ஒரு மாலைப்பொழுதில் முடிக்கலாம். கைத்தையலாயின் ஓட்டுத் தையலை விட வலிமையான பின்தையலைப் பயன்படுத்தவும்.

1. சேலையைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடவும். சாளரத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடங்கள் தெரியும். நிலத்தில் உரசும் கீழ்க்கரையை முக்கியமாகக் கவனிக்கவும். நைந்த பகுதிகளைச் சிறு குண்டூசியால் குறித்து விலக்கிவிடவும்.

2. இரு கரைகளிலிருந்தும் 8 சென்ரிமீற்றர் அகல நாடாவை முழு நீளத்துக்கும் வெட்டி எடுக்கவும். கரைப்பகுதி நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் கைப்பிடிக்கு அதுவே சிறந்தது. நாடாவை 65 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகளாக்கவும். ஒரு பைக்கு இரண்டு துண்டுகள் வேண்டும்.

3. எஞ்சிய துணியிலிருந்து 42 சென்ரிமீற்றர் அகலமும் 92 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துண்டுகளை வெட்டவும். 92 சென்ரிமீற்றர் என்பது சேலையின் அகலவாக்கில் அமைய வேண்டும். சேதமில்லாத ஒரு சேலையில் இவ்வாறு பன்னிரண்டு துண்டுகள், அதாவது ஆறு பைகளுக்கான துணி கிடைக்கும்.

4. இரண்டு துண்டுகளைச் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்ரிமீற்றருக்கு ஒரு வரியாக நீளவாக்கில் ஓட்டுத் தையல் போடவும். இரு அடுக்குகளும் ஒரே துணியாகிவிடும். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் இணைக்கும் காந்தா வேலையும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான்.

5. துணியை நடுவில் மடிக்கவும். வெளியே தெரிய வேண்டிய பக்கம் வெளியிலேயே இருக்கட்டும். இரு ஓரங்களையும் அரைச் சென்ரிமீற்றர் உள்ளாகத் தைத்து, பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, அதே ஓரங்களை ஒரு சென்ரிமீற்றர் உள்ளாக மீண்டும் தைக்கவும். துணியின் பிசிறுகள் இரண்டு தையலுக்கும் இடையில் அடைபட்டுவிடுவதால் ஓரம் பிரியாது.

6. பை உட்புறம் வெளியாக இருக்கும்போதே, அடிமூலைகள் இரண்டையும் தனித்தனியே முக்கோணமாக இழுத்து, அடிப்பகுதி 8 சென்ரிமீற்றர் அகலம் வருமாறு குறுக்கே தைக்கவும். இதனால் பை நிமிர்ந்து நிற்கும்.

7. வாய்ப்பகுதியை முதலில் ஒரு சென்ரிமீற்றரும் பின் மூன்று சென்ரிமீற்றரும் உள்நோக்கி மடித்துத் தைக்கவும்.

8. கைப்பிடித் துண்டை நீளவாக்கில் நான்காக மடித்து, பிசிறுகள் உள்ளே அடங்குமாறு இரு ஓரமும் தைக்கவும். ஓரத் தையலிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி, முனைகளைச் சிறிது உள்மடித்து, வாய்மடிப்பின் உட்புறத்தில் வைக்கவும். சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தின் உள்ளே மூலைக்கு மூலை குறுக்குத் தையலும் போடவும். பைகள் பெரும்பாலும் அறுவது இந்த இடத்தில்தான். எனவே இங்கு நூலை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முடிந்ததும் 5 கிலோ அரிசிப் பொதியை வைத்து வீட்டிற்குள் தூக்கி நடந்து பார்க்கவும். குறை இருந்தால் அது தெருவில் அன்றி வீட்டிலேயே தெரிந்துகொள்ளப்படும். இறைச்சி, மீன் வாங்கும் பைக்குத் தனி அடையாளம் இட்டு, ஒவ்வொரு முறையும் துவைக்கவும். அப்பையில் காய்கறியை வைக்காதிருப்பது சுகாதாரம்.

வேட்டி, சாறம், சீருடை

மென்மையான பழைய வேட்டியைச் சதுரங்களாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தால், சமையலறையில் கடதாசித் துவாய்க்குப் பதிலாக நெடுநாள் பயன்படும். எண்ணெய்ப் பிசுக்குள்ள துணிகளைத் தனியாகச் சேர்த்துத் துவைக்கவும். நன்கு உலர்ந்து ஆறிய பின்னரே மடித்து அடுக்கவும். சாறத்தின் துணி உறுதியானது. தலையணை உறைக்கும் சந்தைப் பைக்கும் பொருந்தும்.

பள்ளிச் சீருடையைப் பொறுத்தவரை, புதிதாகத் தைப்பதை விடப் பழுதுபார்ப்பதே இலாபம். காற்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டலாம். முழங்காலில் கிழிந்தால், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 சென்ரிமீற்றர் பெரிதான ஒட்டுத் துண்டை உட்புறத்தில் வைத்து, முதலில் துண்டின் ஓரத்தையும் பின்னர் கிழிசலின் விளிம்பையும் தைக்க வேண்டும். ஒட்டுத் துண்டின் பாவும் ஊடையும் ஆடையின் பாவு, ஊடை செல்லும் திசையிலேயே அமைந்தால், துவைத்தபின் இழுத்துச் சுருங்காது. நல்ல நிலையில் உள்ள சீருடைகளை, பள்ளிகள் பலவற்றில் இயங்கும் பாவித்த சீருடைக் கடைக்குக் கொடுக்கலாம். அங்கிருந்தே வாங்கவும் செய்யலாம். இதில் கூச்சப்பட ஏதுமில்லை. மூத்த பிள்ளையின் சட்டை இளைய பிள்ளைக்கு வருவது தமிழ் வீடுகளுக்குப் புதிதன்று.

குழந்தைகளுக்குத் தைக்கும்போது

பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் சேலையில் ஏதேனும் தைக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. இங்கே மூன்று செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, ஏணை. யாழ்ப்பாணத்தில் ஏணை என்றும் தமிழகத்தில் தூளி என்றும் வழங்கும் சேலைத் தொட்டிலில் வளர்ந்தவர்களே இவ்வாசகர்களில் பலர். ஆயினும் அவுஸ்திரேலியாவின் குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டல்கள், கைக்குழந்தையை உறுதியான, தட்டையான படுக்கையில், மல்லாந்த நிலையில், முகமும் தலையும் மூடப்படாதவாறு உறங்கவைக்க வேண்டும் என்கின்றன. வளைந்து குழியும் துணியில் குழந்தையின் தாடை மார்பின் மீது சாய்ந்து மூச்சுவழி தடைபடக்கூடும். மருத்துவமனையின் தாதி இதைச் சொல்லும்போது, அது பாட்டியின் வளர்ப்பைக் குறைகூறுவதன்று. புதிய அறிவை ஏற்று, பழைய அன்பை வேறு வடிவில் கொடுக்கலாம்.

இரண்டாவது, அடுக்குத் துணி விரிப்பு. அதைக் கைக்குழந்தையின் கட்டிலில் போர்வையாகவோ தலையணையாகவோ வைக்கக்கூடாது. பெரியவர் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேளையில், குழந்தை விழித்திருந்து தரையில் விளையாடும் விரிப்பாக அது மிகச் சிறந்தது.

மூன்றாவது, இரவு உடை. இந்நாட்டில் விற்கப்படும் குழந்தைகளின் இரவு உடைகளுக்குத் தீ அபாயம் பற்றிய எச்சரிக்கைச் சீட்டு சட்டப்படி கட்டாயம். மெல்லிய நூற்சேலையில் தைத்த தளர்வான நீள அங்கி எளிதில் தீப்பற்றும். சிட்னியின் குளிர்காலத்தில் அறைச் சூடாக்கியின் அருகே பிள்ளைகள் ஒண்டி நிற்பது வழக்கம். எனவே சேலைத் துணியை இரவு உடைக்குப் பயன்படுத்தாமல், பகலில் அணியும் பாவாடைக்கும் சட்டைக்கும் பயன்படுத்தவும். குத்துவிளக்கின் முன் அமரும் நாட்களில் அவ்வாடைக்கும் அதே கவனம் தேவை.

துவைத்தலும் உலர்த்தலும்

அடர்ந்த நிறமுள்ள சேலைத்துணி சாயம் விடக்கூடும். நீர் தெளிவாக வரும் வரை தனியாக அலசிய பின்னரே பிற துணிகளுடன் சேர்க்கவும். குளிர்ந்த நீரும் வெயிலும் போதுமானபோது, வெந்நீருக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் மின்சாரம் செலவிட வேண்டியதில்லை. பொலியெஸ்டர் துணிகள் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழைகளை உதிர்க்கின்றன. தேவையின்றி அடிக்கடி துவைப்பதைத் தவிர்ப்பது துணிக்கும் கடலுக்கும் நன்மை.

அடுக்குமாடியில் வசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் மாதிரி உபவிதிகளின்படி, குடியிருப்பாளர் தமது பகுதிக்குள் நியாயமான நேரத்துக்குத் துணி உலர்த்தலாம்; ஆனால் பல்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தொங்கவிடலாகாது. மாதிரி விதி என்பது எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவான சட்டமன்று. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென உபவிதிகளை ஏற்றிருக்கலாம். அயலவரின் முறைப்பாடு வருவதற்கு முன் அவற்றைக் கேட்டுப் படித்துக்கொள்வது நல்லது. ஐந்தரை மீற்றர்ச் சேலையை நான்காக மடித்து, பல்கனியின் உள்ளே வைத்த மடக்குக் கொடியில் உலர்த்தினால் எந்த விதியையும் மீற வேண்டியிராது.

எஞ்சியதை எங்கே சேர்ப்பது?

நல்ல நிலையில் உள்ள, துவைத்த ஆடைகளை அறக்கொடைக் கடைகளில் நேரில் கொடுக்கலாம். கொடைப் பெட்டி நிரம்பியிருந்தால், அதன் அருகே பையை வைத்துவிட்டு வருதல் சட்டவிரோதக் குப்பை கொட்டலாகக் கருதப்பட்டு அபராதம் விதிக்கப்படக்கூடும். நல்ல எண்ணம் அதற்கு எதிர்வாதம் ஆகாது. மேலும், மழையில் நனைந்த ஆடைகள் எவருக்கும் பயன்படுவதில்லை. அவற்றை அகற்றும் செலவும் அந்த அறக்கொடை அமைப்பின் மீதே விழுகிறது. கிழிந்த, கறைபடிந்த துணிகளைக் கொடையாக அளிக்க வேண்டாம். பிறர் உடுக்க முடியாததைக் கொடுப்பது கொடையன்று.

மஞ்சள் மூடித் தொட்டியில் துணியைப் போடவே கூடாது. தரம்பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகளில் அது சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பச்சை மூடித் தொட்டியிலும் துணிக்கு இடமில்லை. அது பருத்தியாயினும் விதி அதுவே. எதற்கும் பயன்படாத கந்தல் மட்டுமே சிவப்பு மூடித் தொட்டிக்குரியது. அதற்கும் முன், பொத்தான், கொக்கி, இழுவைப்பூட்டு ஆகியவற்றைக் கழற்றி ஒரு போத்தலில் சேர்த்து வைத்தால், அடுத்த பழுதுக்கு உதவும். ஆடை விற்பனையாளர்களும் இப்பொறுப்பில் பங்கேற்கும் நோக்குடன், ஸீம்லெஸ் என்னும் தேசியத் திட்டம் 2024 ஜூலை 1 இல் தொடங்கியுள்ளது. அதில் சேர்ந்த நிறுவனங்கள் ஒவ்வோர் ஆடைக்கும் 4 சதம் செலுத்துகின்றன. எனினும் ஓர் ஆடை எவ்வளவு காலம் உடுக்கப்படுகிறது என்பது இன்றும் வீட்டிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

கற்பிக்கும் கைகள்

இக்கட்டுரையில் உள்ள தையல்களில் பெரும்பாலானவற்றை அறிந்தவர்கள் பல வீடுகளிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகளின் குடும்பத்தோடு வாழவந்த அம்மம்மாவுக்கும் அப்பாச்சிக்கும் இந்நாட்டில் பகற்பொழுது நீண்டது. மொழியும் போக்குவரத்தும் தடையாக இருப்பதால் தனிமை மிகுதி. அவர்களிடம் பின்தையலைக் கற்றுத்தரும்படி பேரப்பிள்ளை கேட்கும்போது, வீட்டில் அவர்களின் இடம் மாறுகிறது. பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் என்ற நிலையிலிருந்து, அவர் ஆசிரியர் ஆகிறார். பேச்சில் தமிழும் தானாக வந்து சேர்கிறது: கரை, தலைப்பு, பாவு, ஊடை என்னும் சொற்கள் துணியோடு சேர்ந்தே பிள்ளையின் கைக்கு வருகின்றன.

சில நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தையல் இயந்திரங்களும் பழுதுபார்க்கும் குழுக்களும் உள்ளன. அவை பற்றி நகரசபை அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர், மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூறி, நகரசபையுடன் இணைக்குமாறு கேட்கலாம்.

தொடங்குவதற்கு ஆறு பைகள் தேவையில்லை. இந்த வார இறுதியில் பெட்டியை ஒருமுறை திறந்து, வைத்துக்கொள்பவை, கொடுப்பவை, வெட்டுபவை என மூன்றாகப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு சேலையையேனும் வெட்டாமல் முழுமையாக வைத்துக்கொள்ளவும். மற்றவை சந்தைக்கும் சமையலறைக்கும் வரட்டும். அம்மாவின் சேலைக் கரையைக் கையிற் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும் மகளுக்கு, அச்சேலை பெட்டியில் இருந்த நாட்களைவிட இன்னும் அண்மையில் இருக்கும்.